செம்புக் கம்பியிடம் இரண்டு கேள்விகள்

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் பருப்பொருளின் பண்புகள் என்று ஓர் அலகு இருக்கிறது. தகைவு, திரிபு, யங் குணகம், பருமக் குணகம் எல்லாம் அங்கே. பன்னிரண்டாம் வகுப்பில் மின்னோட்டவியல். இழுப்புத் திசைவேகமும் மின்தடை எண்ணும் அங்கே. இரண்டு அலகிலும் செம்புக் கம்பி வருகிறது. முதல் ஆண்டில் அதில் எடையைத் தொங்கவிட்டு இழுக்கிறோம். அடுத்த ஆண்டில் அதற்குள் மின்சாரம் பாய்ச்சுகிறோம். நசுக்கினால் எதிர்த்து நிற்பதிலும் மின்சாரத்தைச் சுமப்பதிலும் பெரிய பங்கு ஒரே எலக்ட்ரான்களுக்குத்தான். இதைக் கேள்விப்படாமலே பெரும்பாலான பிள்ளைகள் கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள். இன்று நான் பேச வந்தது இதைத்தான். சில கணக்குகளை இங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்த ஊரில் செம்பைப் பற்றிப் பேச எனக்குத் தயக்கமில்லை. 1930களின் தொடக்கத்தில் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்த பிறகுதான் கோவையின் மில்களும் வார்ப்பட ஆலைகளும் வேகம் பிடித்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். அன்றிலிருந்து பம்ப்செட்டும் மோட்டாரும் நம் சோறு. பீளமேடு, கணபதி பக்கம் நடந்து போனால் ஏதாவது ஒரு சந்தில் வைண்டிங் கடை கண்ணில் படும். அங்கே சுற்றப்படும் கம்பியும் நம் பாடப்புத்தகத்துக் கம்பியும் வேறு வேறு என்று பிள்ளைகள் நினைப்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

முதல் கணக்கை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கிறேன். கொங்கு நாட்டில் ஆயிரம் அடி போர் என்பது இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. ஏறத்தாழ 300 மீட்டர். கிளாம்ப் மாட்டி, பைப்புக்குப் பைப் கப்ளிங் போட்டு, ஜி.ஐ. எஃகுப் பைப்பில் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்குகிறார்கள். மோட்டாரின் எடையையும் பைப்புக்குள் ஏறும் தண்ணீரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். பைப் தன் சொந்த எடையால் மட்டும் எவ்வளவு நீளும்?

கணக்குப் போடுமுன் உத்தேசமாக ஒரு விடை சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்பது என் வழக்கம். ஒரு மில்லிமீட்டரில் தொடங்கி ஓரடி வரைக்கும் பதில் வரும். பிறகு சூத்திரத்தை எடுப்பார்கள். மொத்த எடையை விசையாகப் போட்டு, யங் குணகத்தால் வகுத்து, விடையைக் கோடிட்டு நிமிர்வார்கள். அந்த விடை சரியாக இரண்டு மடங்கு தவறு. பைப்பின் மேல்முனை முழு எடையையும் தாங்குகிறது, கீழ்முனை எதையும் தாங்குவதில்லை. ஆகவே சராசரியாகப் பாதி எடையைத்தான் போட வேண்டும். எஃகின் அடர்த்தி 7850, புவியீர்ப்பு 9.8, நீளத்தின் இருமடி 90,000. இவற்றைப் பெருக்கி, 200 ஜிகாபாஸ்கலின் இரு மடங்கால் வகுத்தால் 1.7 சென்டிமீட்டர் வருகிறது. 300 மீட்டருக்குக் கட்டைவிரல் அகலம்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பைப்பின் தடிமன் விடையில் இல்லவே இல்லை. தடித்த பைப் அதிக எடை, ஆனால் அதே அளவுக்கு அதிக வலு; ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. அடுத்து, நீளம் இருமடியாக வருவதால் ஐந்நூறு அடியில் நீட்சி கால்பங்காகக் குறைந்துவிடும். எண்ணைப் போடுமுன் குறியீடுகளிலேயே கணக்கை முடித்தவருக்கு மட்டுமே இவை தெரியும். முதல் வரியிலேயே எண்களைப் போட்டவர் கையில் 1.7 என்ற ஒற்றை எண்தான் மிஞ்சும்.

இப்போது அதே குழிக்குள் போகும் கேபிளைப் பாருங்கள். செம்பின் அடர்த்தி 8960. 300 மீட்டர் செம்பைத் தனியாகத் தொங்கவிட்டால் மேல்முனையில் தகைவு 26 மெகாபாஸ்கல். பதப்படுத்தி மென்மையாக்கிய செம்பு சில பத்து மெகாபாஸ்கலிலேயே மீளாமல் நீளத் தொடங்கிவிடும். மேலுறையின் எடையையும் சேர்த்தால் ஆபத்து இன்னும் நெருங்குகிறது. மோட்டார் இறக்க வந்த ஒருவரிடம், கேபிளை ஏன் இடைவெளி விட்டு விட்டுப் பைப்போடு சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “தனியாத் தொங்க விட்டா இழுத்துக்குமுங்க, அப்பறம் திரும்பாது” என்றார். மீட்சி எல்லையை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. திரும்பாது என்று அவர் சொன்ன அந்த இடத்தில்தான் ஹூக் விதி முடிகிறது.

கருப்பு எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப்பை இறக்கினால் என்ன ஆகும்? அதன் யங் குணகம் 1 ஜிகாபாஸ்கலை ஒட்டி, பெரும்பாலும் அதற்குக் கீழே. காற்றில் 300 மீட்டர் தொங்கினால் தன் எடையால் மட்டும் ஏறத்தாழ அரை மீட்டர் நீளும். எஃகைவிட எட்டு மடங்கு இலேசான பொருள், முப்பது மடங்கு அதிகமாக நீள்கிறது. அங்கே நீள்வது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். ஒன்றின்மேல் ஒன்று நழுவி, சுருள் பிரிந்து நீள்கின்றன. பருத்தி நூலின் கதையும் செல்லுலோஸ் சங்கிலிகளின் கதைதான். இந்த ஊர் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா 1956 முதல் பஞ்சையும் நூலையும் இழுத்து இழுத்து அளந்து வருகிறது. அது தனிச் சொற்பொழிவுக்கு உரிய விஷயம். நான் உலோகத்துக்கே திரும்புகிறேன்.

ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் ஆயிரம் அடிக்குக் கீழே மோட்டார் ஓடத் தொடங்குகிறது. கேபிளில் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு, 10 ஆம்பியர் கரண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் செம்பில் 8.5 × 10²⁸ தனித்த எலக்ட்ரான்கள் உண்டு, அணுவுக்கு ஒன்று. இழுப்புத் திசைவேகம் எவ்வளவு? மின்னோட்டத்தை எலக்ட்ரான் எண்ணிக்கை, பரப்பு, மின்னூட்டம் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வினாடிக்கு 0.18 மில்லிமீட்டர். இந்த வேகத்தில் ஒரு எலக்ட்ரான் மோட்டாரைப் போய்ச் சேர 19 நாள் ஆகும்.

புத்தகம் இங்கே நிறுத்திவிடும். நான் நிறுத்தமாட்டேன், ஏனென்றால் நம் தோட்டத்துக்கு வருவது மாறுமின்னோட்டம், வினாடிக்கு 50 சுற்று. எலக்ட்ரான் கீழே போகத் தொடங்கியதும் நூற்றில் ஒரு வினாடியில் திசை திரும்பிவிடுகிறது. உச்ச வேகத்தைக் கோண அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். வீச்சு 0.8 மைக்ரோமீட்டர். கிணற்று மேட்டில் இருக்கும் எலக்ட்ரான், இந்த இழுப்பினால் மட்டும் பார்த்தால், ஒரு தூசியின் அகலத்துக்குள் ஊசலாடிக்கொண்டே தன் இடத்தில் இருக்கிறது. 19 நாளும் இல்லை, 19 ஆண்டும் இல்லை; அது மோட்டாருக்குப் போகவே போவதில்லை. மோட்டார் உடனே ஓடுவது கம்பியை ஒட்டி ஒளியை நெருங்கும் வேகத்தில் பரவும் மின்புலத்தால். அதற்கு 300 மீட்டர் என்பது ஓரிரு மைக்ரோவினாடி. நேர்மின்னோட்டக் கணக்கைச் சரியாகப் போட்ட மாணவர் எத்தனையோ பேர். வீட்டில் வருவது எது என்று யோசித்து அடுத்த வரியை எழுதுபவர் அரிது. அந்த அடுத்த வரிக்கு மதிப்பெண் கிடையாது என்பதுதான் காரணம்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகளில் விடியற்காலையில் எழுந்து படிக்கும் பிள்ளைகளின் உழைப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். நுழைவுத் தேர்வில் ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்தில் யோசிக்க முடியாது, நினைவுபடுத்தத்தான் முடியும். ஆகவே ஃபார்முலா ஷீட், ஷார்ட்கட், நான்கு விடைகளில் பொருந்தாததை அடிப்பது என்று ஒரு கைத்திறன் வளர்ந்திருக்கிறது. அதுவும் திறன்தான். ஆனால் அது இயற்பியலின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இதை இந்த மேடையில் அழுத்திச் சொல்லாமல் போனால் நான் ஆசிரியனாக இருந்ததற்குப் பொருளில்லை.

சரி, கம்பி விசையை எப்படி எதிர்க்கிறது, மின்சாரத்தை எப்படிச் சுமக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் எங்கே சந்திக்கின்றன? நான் இதுவரை சொன்ன 0.18 மில்லிமீட்டர் எலக்ட்ரானின் சராசரி நகர்வு மட்டுமே. மின்சாரம் இல்லாதபோதும் செம்புக்குள் வேகமான எலக்ட்ரான்கள் வினாடிக்கு 1570 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெப்பத்தால் இந்த வேகம் வரவில்லை. கம்பியை எவ்வளவு குளிரவைத்தாலும் அது நிற்காது. ஒரே நிலையில் ஒரே தற்சுழற்சியோடு இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்கிறது பௌலியின் தவிர்ப்புத் தத்துவம். கீழ்நிலைகள் நிரம்பிவிட்டால் அடுத்து வருவது மேல்நிலைக்குத்தான் போக வேண்டும். செம்பில் இப்படி நிரம்பி முடியும் உச்ச ஆற்றல், அதாவது ஃபெர்மி ஆற்றல், 7 எலக்ட்ரான்வோல்ட். வெப்பநிலையாகச் சொன்னால் எண்பதாயிரம் கெல்வினுக்கு மேல்.

இப்படி ஓடும் எலக்ட்ரான் கூட்டத்துக்கு அழுத்தம் இருக்கத்தானே வேண்டும்? எண்ணிக்கை அடர்த்தியையும் ஃபெர்மி ஆற்றலையும் பெருக்கி ஐந்தில் இரண்டு பங்கு எடுத்தால் 38 ஜிகாபாஸ்கல். ஏறத்தாழ நான்கு லட்சம் வளிமண்டல அழுத்தம். உங்கள் வீட்டு சுவிட்ச் போர்டுக்குள் இருக்கும் கம்பியில் இவ்வளவு அழுத்தம் அடங்கிக் கிடக்கிறது. நேர்மின் அயனிகளின் கவர்ச்சி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. கம்பியை எல்லாப் பக்கமும் நசுக்கினால் எலக்ட்ரான்களுக்கு இடம் குறையும், ஆற்றல் நிலைகள் மேலே ஏறும், அழுத்தம் கூடும். அந்த எதிர்ப்பைக் கணக்கிட்டால் பருமக் குணகம் கிடைக்கிறது. எண்ணிக்கை அடர்த்தி, ஃபெர்மி ஆற்றல் இவற்றின் பெருக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பதினோராம் வகுப்பு அட்டவணையில் மனப்பாடம் செய்த ஒரு எண்ணை, பன்னிரண்டாம் வகுப்பு எலக்ட்ரான்களை எண்ணியே வருவித்துவிடுகிறோம்.

விடை சரியாக வருகிறதா? பொட்டாசியத்துக்குக் கணக்கு 3.2 ஜிகாபாஸ்கல், அளவீடு 2.8. சோடியத்துக்குக் கணக்கு 9.2, அளவீடு 6.4. செம்புக்குக் கணக்கு 64, அளவீடு 134. அலுமினியத்துக்குக் கணக்கு 228, அளவீடு 76. இந்த நான்கு வரிகளையும் மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்பிரிங்கும் இல்லாமல், நசுக்கி அளந்த எண் எதையும் கடன் வாங்காமல், உலோகத்தின் அடர்த்தியையும் அணுவுக்கு எத்தனை எலக்ட்ரான் என்பதையும் வைத்தே சரியான அளவுக்கு அருகில் வந்து நிற்கிறோம். செம்பில் பாதியாகக் குறைவது ஏன்? உள்கூட்டில் நிரம்பிய எலக்ட்ரான்களும் நெருக்கும்போது தள்ளுகின்றன. நம் கணக்கில் அவை சேரவில்லை. அலுமினியத்தில் மூன்று மடங்கு மிகுவது ஏன்? அயனிகளின் கவர்ச்சியை நாம் விட்டுவிட்டோம். இன்னொன்றும் உண்டு. எலக்ட்ரான் அழுத்தம் மட்டும் இருந்தால் செம்பு பருமனைக் காக்கும், வடிவத்தைக் காக்காது, திரவம்போல் நழுவிவிடும். கம்பி கம்பியாக நிற்பதற்கு அயனிகளின் ஒழுங்கான அடுக்கு வேண்டும். ஆகவே யங் குணகத்தை இந்த எளிய வழியில் எட்ட முடியாது. கணக்கு எங்கே தோற்கிறது என்பதைக் கவனித்தால் பொருளைப் பற்றி இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

உலோக எலக்ட்ரான்களுக்கு இந்தப் புதிய கணக்கை வகுத்தவர் ஜெர்மனியின் அர்னால்டு சோமர்ஃபெல்டு. அவர் 1928-ல் இந்தியாவுக்கு வந்தபோது சென்னை மாநிலக் கல்லூரியில் பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த, பதினெட்டு வயதை எட்டும் சுப்ரமணியன் சந்திரசேகர் அவரைத் தேடிப்போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் நூலைப் படித்து இயற்பியல் தெரிந்துவிட்டது என்று நம்பியிருந்த இளைஞரிடம், அந்தப் புத்தகத்துக்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது என்றார் பெரியவர். சொன்னதோடு விடாமல், உலோக எலக்ட்ரான்கள் பற்றி இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப் படிகளையும் கொடுத்தார். சென்னையில் ஒரு மாணவன் கையில் உலகின் புத்தம்புதிய கணக்கு.

சந்திரசேகர் அதைச் செம்போடு நிறுத்தவில்லை. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையால் சுருங்கும்போது அதைத் தாங்கி நிறுத்துவதும் இதே எலக்ட்ரான் அழுத்தம்தான் என்று ரால்ஃப் ஃபவ்லர் 1926-ல் காட்டியிருந்தார். 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து கப்பலேறிய பத்தொன்பது வயதுச் சந்திரசேகர் வழியில் ஒரு கேள்வி கேட்டார்: நெருக்கம் கூடக் கூட எலக்ட்ரானின் வேகமும் கூடுகிறதே, அது ஒளியின் வேகத்தை நெருங்கினால்? நாம் செம்புக்குப் போட்ட கணக்கில் அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கில் ஏறுகிறது. ஒளிவேகத்தை நெருங்கினால் அது 4/3 அடுக்காகத் தளர்கிறது. நட்சத்திரத்தைத் தாங்கத் தேவையான அழுத்தமும் அதே 4/3 அடுக்கில்தான் ஏறுகிறது. இரண்டும் ஒரே அடுக்கு ஆனபின் சுருங்கிப் பயனில்லை. ஒரு குறிப்பிட்ட நிறையைத் தாண்டினால், வெள்ளைக் குள்ளன் என்னும் அந்தச் சுருங்கிய நட்சத்திரம் நிற்க முடியாது.

1931-ல் அச்சான அவர் கட்டுரையில் அந்த எல்லை 0.91 சூரிய நிறை. இன்று நாம் சொல்வது ஏறத்தாழ 1.4. சூத்திரம் மாறவில்லை. ஒரு எலக்ட்ரானுக்கு எத்தனை அணுக்கருத் துகள்கள் என்ற எண்ணை அன்று அவர் 2.5 என்று எடுத்திருந்தார். நட்சத்திர உட்பொருள் பற்றிய அறிவு வளர்ந்தபின் அது 2 ஆயிற்று. எண்ணைப் போடுமுன் குறியீட்டிலேயே முடியுங்கள் என்று நான் வகுப்புதோறும் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனையும் நான் இங்கே நினைக்க வேண்டும். ராமனோடு சேர்த்தே அவரை அறிகிறோம். உலோகத்தின் மின்தடை பற்றி அவர் செய்த வேலை பலருக்குத் தெரியாது. அலகாபாத்தில் இருந்தபோது ஏ.பி. பாட்டியாவுடன் சேர்ந்து, அணுக்களின் வெப்ப ஒழுங்கின்மையால் எக்ஸ் கதிர் சிதறுவதைப் போலவே எலக்ட்ரான் அலையும் உலோகத்துக்குள் சிதறுகிறது என்று எடுத்துக்கொண்டு மின்தடையைக் கணக்கிட்டார். அணுக்கள் எவ்வளவு அசையும் என்பதை முடிவு செய்வது அவற்றைப் பிணைக்கும் விறைப்பு. ஆக மின்தடைக்குள்ளும் மீட்சிப் பண்பு உட்கார்ந்திருக்கிறது. கோடையில் ஓடும் மோட்டாரின் வைண்டிங் 30 டிகிரியிலிருந்து 110 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுகிறது. வைண்டிங் கடைக்காரர் மல்டிமீட்டரில் பார்ப்பது அணுக்களின் அதிர்வைத்தான்.

கடைசிக் கணக்கு ஈரோட்டிலிருந்து. மஞ்சள் ஏற்றி வரும் லாரி எடை மேடையில் ஏறுகிறது. மேடைக்கடியில் லோடு செல் என்னும் எஃகுக் கட்டை. அதில் மெல்லிய கான்ஸ்டன்டன் உலோகத் தாளைப் பாம்புபோல் வளைத்து ஒட்டியிருக்கிறார்கள். மின்தடை 350 ஓம். பாரத்தால் எஃகு ஆயிரத்தில் ஒரு பங்கு நீள்கிறது என்று கொள்வோம். தாளும் அதோடு 0.1 விழுக்காடு நீள்கிறது. நீளும்போது குறுக்கே சுருங்குகிறது. பாய்சான் விகிதம் 0.3 என்றால் பரப்பு 0.06 விழுக்காடு குறையும். இரண்டும் சேர்ந்து மின்தடையை 0.16 விழுக்காடு, அதாவது 0.56 ஓம் கூட்ட வேண்டும். அளந்து பார்த்தால் கூடுவது 0.7 ஓம். மீதி 0.14 ஓம் எங்கிருந்து வந்தது? வடிவம் மாறியதால் வரவில்லை; நீட்டப்பட்ட படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் சிதறும் விதமே மாறியதால் வந்தது. இதையே சிலிக்கானில் செய்தால் வடிவத்தின் பங்கு பொருட்டே இல்லை. எலக்ட்ரான் நிலைகளின் மாற்றம் மட்டும் விளைவை நூறு மடங்கு வரை பெருக்கிவிடும். இந்தச் சிறு மாற்றத்தைப் படிக்கப் பயன்படும் வீட்ஸ்டன் சமனச் சுற்று உங்கள் மின்னோட்டவியல் அலகிலேயே இருக்கிறது. உழவர் கைக்கு வரும் பணம் இந்த 0.7 ஓமைச் சரியாகப் படிப்பதைப் பொறுத்தது.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் இயற்பியலில் அதிக மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு தருகிறீர்கள், அது தொடரட்டும். அதோடு இன்னொரு பரிசு வையுங்கள். தன் ஊரிலிருந்து ஒரு கணக்கைத் தானே உண்டாக்கி, தானே அளந்து, போட்டுக் காட்டும் மாணவருக்கு அது போகட்டும். பொள்ளாச்சித் தேங்காய் நார்க் கயிறோ, சென்னிமலைத் தறியின் பாவு நூலோ, வீட்டு கிரைண்டர் மோட்டாரின் கம்பியோ, எதுவானாலும் சரி. கணக்கில் வரும் எண்ணில் ஒன்றையாவது மாணவர் தன் கையால் அளந்திருக்க வேண்டும். போடுமுன் நினைத்த உத்தேச விடையை அழிக்காமல் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். எதை எல்லாம் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் விடையைக் காட்டி, அவர் சொன்னதைச் சேர்த்து எழுத வேண்டும். விடை தவறானாலும் தவறு எங்கே என்று கண்டுபிடித்தவருக்குப் பரிசு மறுக்கக் கூடாது.

குழு இசைந்தால் முதல் ஆண்டுக்குத் தேவையான திருகு அளவிகளையும் மல்டிமீட்டர்களையும் நான் வாங்கித் தருகிறேன்.